திக்னஸ் மெஷின் செட்டிங்கும் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு மரம் வாங்கிக் கதவு, ஜன்னல், கட்டில் செய்யும் சிறு பட்டறைகள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் போய், பலகையை ஒரே தடிமனாகச் சீவும் திக்னஸ் மெஷினுக்கு பிளேடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். பட்டறை மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேஜை ஏறி இறங்கும் 12 முதல் 18 அங்குல மெஷின்களை மனதில் வைத்து எழுதியது இது. கையில் தூக்கிப் போகும் சிறிய மெஷினுக்குத் தனியாக ஒரு கேள்வி கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு சொல்லை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெட்டு வட்டம். பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் உருளைதான் கட்டர் பிளாக். அது சுற்றும்போது பிளேடின் முனை ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்தின் அடிப்புள்ளியில்தான் மரம் வெட்டுப்படுகிறது. பலகையை இழுக்கும் ரோலர், வெட்டுக்குப் பின் அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பார் என்று இந்த மெஷினில் நீங்கள் செட் செய்யும் எல்லாவற்றுக்கும் அந்த அடிப்புள்ளிதான் அளவின் பூஜ்யம். அது தெரியாமல் எந்த போல்ட்டையும் திருகாதீர்கள்.

"சர்ஃபேஸ் மெஷின் எதுக்கு? திக்னஸ்ல நாலு தடவை விட்டா பலகை நேராகிடாதா?"

ஆகாது. ஒரு முகத்தைத் தட்டையாக்குவது சர்ஃபேஸ் மெஷின். திக்னஸ் மெஷின் செய்யும் வேலை ஒன்றுதான்: பலகையின் மேல்முகத்தை அடிமுகத்துக்கு இணையாக்குவது. அடிமுகம் வளைந்திருந்தால் ரோலர் அதை அழுத்தி மேஜையோடு படிய வைக்கும், பிளேடு மேலே சீவும், வெளியே வந்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்ளும். தடிமன் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும். முறுக்கு அப்படியே நிற்கும்.

அதனால் முதலில் ஒரு முகத்தை சர்ஃபேஸ் மெஷினிலோ இழைப்புளியிலோ தட்டையாக்கிக்கொள்ளுங்கள். அந்த முகத்தைக் கீழே வைத்து திக்னஸில் விடுங்கள். சர்ஃபேஸ் இல்லாத பட்டறையில், தட்டையான ஒரு பிளைவுட் துண்டின்மேல் பலகையை வைத்து, ஆடும் மூலைகளில் மெல்லிய ஆப்பு செருகி, ஆடாமல் செய்து இரண்டையும் சேர்த்து விடலாம். மேல்முகம் தட்டையானதும் பிளைவுட்டை எடுத்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் நன்றாக வரும்.

"ஒரு பாஸ்ல எவ்வளவு எடுக்கலாம்?"

முழு அகலப் பலகை என்றால் அரை நூல், அதாவது 1.5 மி.மீ. அளவோடு நிறுத்துங்கள். கடைசி இரண்டு பாஸ் கால் நூலுக்கு மேல் வேண்டாம். நான்கு அங்குலச் சட்டம் என்றால் கொஞ்சம் கூட எடுக்கலாம். மோட்டார் சத்தம் தாழ்ந்து முனக ஆரம்பித்தால் அது அதிகம்.

இன்னொன்று: இரண்டு முகத்திலும் ஏறக்குறைய சமமாக எடுங்கள். ஒரே பக்கம் கால் அங்குலம் சீவித் தள்ளினால், உள்ளே இருந்த ஈரம் வெளியே வந்து, காலையில் நேராக இருந்த பலகை மாலையில் கிண்ணம்போல் குழிந்துவிடும்.

"சில இடத்துல பிய்ச்சுக்கிட்டு வருது. பிளேடு புதுசுதான். ஏன்?"

நார் ஓட்டத்தைப் பாருங்கள். பலகையின் பக்கவாட்டில் நார்க் கோடுகள் சாய்ந்து போவது தெரியும். பிளேடு அந்தச் சாய்வைத் தடவிக்கொண்டு போனால் வழவழப்பு. எதிர்நாரில் போனால் கீழே நுழைந்து பிய்த்தெடுக்கும். பிய்ந்தால் பலகையை முன்பின்னாகத் திருப்பி விட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.

வேங்கையும் வேம்பும் வேறு கதை. அவற்றில் நார் ஒரு பட்டை இந்தப் பக்கம், அடுத்த பட்டை அந்தப் பக்கம் என்று பின்னிக் கிடக்கும். எப்படித் திருப்பினாலும் எங்காவது பிய்யும். கூரான பிளேடு, மெல்லிய சீவல், மெதுவான ஓட்டம், இவைதான் வழி. கடைசிப் பாஸுக்கு முன் ஈரத் துணியால் முகத்தை லேசாகத் துடைத்துவிட்டால் நார் இளகிப் பிய்வது குறையும். இடம் இருந்தால் பலகையைக் கொஞ்சம் கோணலாக விடுங்கள்.

"பிளேடு மழுங்கிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சத்தம் முதலில் சொல்லும்: சீவும் ஒலி போய், அடிக்கும் ஒலி வரும். சீவல் சுருளாக வராமல் தூளாக வரும். பலகை ஒரு பக்கம் பளபளவென்று மின்னும், தொட்டால் சூடாக இருக்கும். பிளேடு முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். கூரான முனையில் வெளிச்சம் தெரியாது. மழுங்கிய முனையில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும்.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். அது பிளேடின் குற்றம் இல்லை. தென்னை, பனைச் சட்டங்கள் இன்னும் மோசம். அவற்றை விடும் நாளில் மாற்று பிளேடு ஒரு செட் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

"பிளேடை நானே மாத்தலாமா? மூணும் சமமா இருக்கணும்னா எப்படிக் கட்டுறது?"

மாற்றலாம், மாற்றப் பழக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆளுக்காகக் காத்திருந்தால் மழுங்கிய பிளேடிலேயே ஓட்டுவீர்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு முனையில் மரப் பட்டையோ தடித்த துணியோ போர்த்திக்கொண்டு வேலை செய்யுங்கள். சாணை பிடித்து வந்த மூன்று பிளேடையும் டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கட்டர் அதிரும், பேரிங் போகும். சாணைக்காரரிடம் திரும்பக் கொடுத்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள். சாய்வுக் கோணம் 35 முதல் 40 பாகைக்குள் இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பிளேடை மட்டும் கழற்றுங்கள். மூன்றையும் மொத்தமாகக் கழற்றி ஒவ்வொன்றாக முழு இறுக்கம் கொடுத்தால், மூன்றாவதை இறுக்கும்போது முதலாவது அசைந்திருக்கும். இறுக்கும் விசையில் கட்டர் பிளாக்கே துளி நெளிவதுதான் காரணம். பிளேடு உட்காரும் பள்ளம், பிடிக்கும் ஆப்புக் கட்டை இரண்டையும் மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். பிசினில் ஒட்டிய ஒரு துணுக்குச் சீவல் இருந்தாலும் பிளேடு தூக்கிக்கொள்ளும்.

கட்டர் பிளாக் உடம்பின்மேல் உட்காரும் கேஜை வைத்து, பிளேடு முனை சுமார் 1 மி.மீ. வெளியே நிற்கும்படி இடது, நடு, வலது மூன்று இடத்திலும் பாருங்கள். கீழே இருக்கும் சின்ன ஸ்குரூவால் ஏற்றி இறக்கலாம். ஆப்புக் கட்டை போல்ட்டை நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். முதல் சுற்று லேசாக, இரண்டாவது பாதி, மூன்றாவது முழுசாக. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும், உயர வித்தியாசத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போது பிளேடு ஏறும். 0.05 மி.மீ.க்குள் வந்தால் நல்ல கட்டு. எல்லாம் முடிந்ததும் கையால் கட்டரை ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, மரம் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். யாரும் முன்னும் பின்னும் நிற்க வேண்டாம். பிறகு நிறுத்தி, ஃபியூஸை மறுபடி எடுத்துவிட்டு, போல்ட்டை இன்னொரு தடவை சரிபாருங்கள்.

சாணை பிடித்துப் பிடித்துக் குறுகிய பிளேடை ஆசைப்பட்டு வைத்திருக்காதீர்கள். ஆப்புக் கட்டை கவ்வ இரும்பு போதாமல் போனால் அது ஓட்டத்தில் பறந்து வரும்.

"நல்லாத்தான் கட்டினேன். ஆனாலும் பலகையில குறுக்கே அலை அலையா தெரியுது."

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். கட்டர் நிமிடத்துக்கு 4500 சுற்று, மூன்று பிளேடு என்றால் நிமிடத்துக்கு 13,500 வெட்டு. மரம் நிமிடத்துக்கு 8 மீட்டர் ஓடினால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே 0.6 மி.மீ. கண்ணுக்கு அது தெரியாது. ஒரு பிளேடு மட்டும் மற்ற இரண்டைவிட உயர்ந்து நின்றால், கடைசி முகத்தை அந்த ஒன்றே சீவும். அப்போது அலைக்கு அலை 1.8 மி.மீ. பாலிஷ் போட்டதும் அது பளிச்சென்று தெரியும்.

அந்த உயரம் நூறில் ஓரிரு பங்கு மி.மீ. இருந்தாலே போதும். கையால் கட்டும் பிளேடில் அவ்வளவு வித்தியாசம் எப்போதும் இருக்கும். ஆகவே கொஞ்சம் அலை இருப்பதை வைத்து உங்கள் கட்டு மோசம் என்று நினைக்க வேண்டாம். கடைசிப் பாஸை மெதுவான கியரில் விடுங்கள். வேகம் பாதியானால் அலையும் பாதி நீளமாகும், ஆழம் கால்வாசி ஆகும். அலையை அளந்து பாருங்கள். உங்கள் மெஷின் கணக்குப்படி ஒரே பிளேடு ஓடும் அளவை ஒட்டி வந்தால் பிளேடு உயரம்தான். அலை சீராக இல்லாமல் அங்கங்கே தட்டுப்பட்டால் பேரிங், தளர்ந்த பெல்ட், சரியாக அழுத்தாத பிரஷர் பார் பக்கம் பாருங்கள்.

"ஒரு ஓரம் தடிமன், மறு ஓரம் மெலிசு. வெர்னியர்ல வித்தியாசம் காட்டுது."

மேஜை கட்டருக்கு இணையாக இல்லை, அல்லது பிளேடு ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தேக்குக் கட்டை ஒன்றைத் துல்லியமாக இழைத்து மேஜையில் இடது ஓரம் வையுங்கள். கட்டர் பிளாக் உடம்புக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியை ஃபில்லர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) அளங்கள். பிறகு அதே கட்டையை வலது ஓரம் வைத்து அளங்கள். பிளேடு முனையில் அளக்காதீர்கள், உடம்பில் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேஜை சரி, பிளேடைத்தான் மறுபடி கட்ட வேண்டும்.

மேஜைதான் சாய்ந்திருக்கிறது என்றால், நான்கு தூண் மெஷினில் கீழே செயின் ஓடும் பல் சக்கரத்தைத் தளர்த்தி, ஒரு தூணை மட்டும் ஓரிரு பல் திருப்பிச் சரிசெய்யலாம். கட்டையின் ஒரே முகம் எப்போதும் மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 12 அங்குலத்துக்கு 0.1 மி.மீ. வந்தால் கதவு வேலைக்குத் தாராளம்.

"கடைசி மூணு அங்குலம் மட்டும் குழி விழுது. எல்லா மெஷினும் இப்படித்தானா?"

ஓரளவு எல்லா மெஷினிலும் உண்டு. ஆனால் நகம் தட்டும் அளவுக்குக் குழி விழுந்தால் சரிசெய்ய வேண்டியது. குழியின் நீளத்தை அளங்கள். ரோலரிலிருந்து கட்டர் வரை உள்ள தூரம்தான் அது. பலகையின் பின்முனை உள்ளிழுக்கும் ரோலரை விட்டு வந்ததும் அதைப் பிடிக்க ஒரு ரோலர்தான் மிச்சம். பலகையின் கனம் வெளிப்பக்கம் தொங்கினால் பின்முனை தூக்கிக் கட்டரில் இடிக்கும். முன்முனைக் குழி இதே கதையின் மறுபக்கம்: வெளியேற்றும் ரோலர் இன்னும் பிடிக்கவில்லை.

முதல் வைத்தியம் இலவசம். பலகை நுழையும்போதும் வெளிவரும்போதும் வெளியே நிற்கும் முனையை ஒரு துளி தூக்கிப் பிடியுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி இல்லாமல் விட்டால் முதல் பலகையின் முன்முனையும் கடைசிப் பலகையின் பின்முனையும் மட்டுமே கெடும். அதற்கும் பிறகு குழி விழுந்தால் மேஜை ரோலரைப் பாருங்கள். மேஜைக்கு மேல் அது அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் பலகை அதன்மேல் ஏறி இறங்கும். நல்ல முகம் வேண்டிய வேலைக்கு அது 0.1 மி.மீ. எழுந்தால் போதும். கரடுமுரடான மில் பலகைக்கு 0.5 வரை ஏற்றலாம். அப்புறம் பிரஷர் பார்.

"பிரஷர் பார், சிப் பிரேக்கர், ரோலர் எல்லாம் எவ்வளவு உயரத்தில் இருக்கணும்?"

எல்லாம் வெட்டு வட்டத்தின் அடிப்புள்ளியிலிருந்து அளக்க வேண்டியவை. கட்டருக்கு முன்னால் இருந்து, மரம் பிய்யாமல் அழுத்திப் பிடிக்கும் சிப் பிரேக்கர் 0.5 முதல் 1 மி.மீ. கீழே. இரண்டு ரோலரும் அதே அளவு கீழே. கட்டருக்குப் பின்னால் இருக்கும் பிரஷர் பார் மட்டும் அடிப்புள்ளியோடு சமம். மெஷினோடு வந்த கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

அளக்கும் முறை எளிது. மேஜை ரோலரை முதலில் முழுதும் இறக்கிவிடுங்கள். தேக்குக் கட்டையை பிளேடின் கீழே வைத்து, அதன்மேல் 0.8 மி.மீ. ஃபில்லர் தகட்டை வையுங்கள். தகடு லேசாக உரசும்வரை மேஜையை ஏற்றுங்கள். இனி மேஜையைத் தொடாமல், தகட்டை எடுத்துவிட்டுக் கட்டையை ரோலரின் கீழே நகர்த்துங்கள். ரோலர் கட்டையை மெல்லத் தொட வேண்டும். இரண்டு ஓரத்திலும் பாருங்கள். பிரஷர் பாருக்குத் தகடு இல்லாமல் இதையே செய்யுங்கள். அது இறங்கினால் பலகை முட்டி நிற்கும், ஏறினால் பலகை அதிர்ந்து அலையும் பின்முனைக் குழியும் விழும்.

"பலகை பாதியில் நின்னுடுது. கையால தள்ளினாத்தான் போகுது."

தள்ளுவது ஆபத்து, பழக்கமாக்காதீர்கள். முதலில் மேஜையைத் துடைத்து மெழுகு தேயுங்கள். சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி போதும். ரோலரில் ஒட்டிய பிசினை டர்பன்டைனால் துடையுங்கள். ரப்பர் ரோலர் என்றால் டர்பன்டைன் வேண்டாம், சோப்பு நீர் போட்டுத் துடைத்து உலர விடுங்கள். இவை இரண்டிலும் தீராவிட்டால் பிளேடு மழுங்கியிருக்கும். அதுவும் இல்லையென்றால்தான் முந்தைய பதிலில் சொன்ன பிரஷர் பாரையும் ரோலர் ஸ்பிரிங்கையும் தொட வேண்டும். பலர் நேரே ஸ்பிரிங்கை இறுக்குகிறார்கள். பலகையில் ரோலரின் பல் தடம் விழுவது அதிலிருந்துதான் தொடங்குகிறது.

வழுக்குவதற்கு சிலிக்கான் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது மரத்தில் ஏறினால் பாலிஷ் ஒட்டாமல் மீன் கண்போல் வட்ட வட்டமாக விலகும்.

"பலகை முகத்துல புள்ளிப் புள்ளியா அமுங்கின தடம் இருக்கு."

தடம் வரிசையாக, சம இடைவெளியில் இருந்தால் பல் ரோலருடையது. சீவல் மிக மெல்லியதாக எடுத்தால் அந்தத் தடத்தை பிளேடு முழுதாக அழிக்காது. கால் நூல் எடுங்கள், போய்விடும். தடம் தாறுமாறாக இருந்தால் வெளியேற்றும் ரோலரில் சீவல் ஒட்டி அமுக்குகிறது. தூசி உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கும். ஈரத் துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால் அந்த அமுக்கு எழும்பிவிடும்.

"நீளவாக்குல ஒரு மேட்டுக்கோடு வருது. பழைய உத்தரக் கட்டையை விட்டதிலிருந்து."

ஆணி. பிளேடு முனை உடைந்து பல் விழுந்த இடத்தில் மரம் வெட்டுப்படாமல் கோடாக நிற்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வரும் பர்மா தேக்கு அருமையான மரம், ஆனால் அதன் வயிற்றில் எத்தனை ஆணி ஒடிந்து கிடக்கிறது என்று வெளியே தெரியாது. நீல, கறுப்புக் கறை தெரியும் இடத்தில் இரும்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வலுவான காந்தத்தை நூலில் கட்டிப் பலகை முழுக்க மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பித்தளை ஆணியைக் காந்தம் காட்டாது, அதற்குக் கண்தான். ஒட்டிய சுண்ணாம்பையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் பெயின்டோடு மெஷினில் விடாதீர்கள்.

பல் விழுந்த பிளேடை உடனே மாற்ற முடியாதபோது ஒரு வழி உண்டு. மூன்றும் ஒரே இடத்தில் பல் விழுந்திருக்கும் அல்லவா? ஒரு பிளேடைத் தளர்த்திப் பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்த்திக் கட்டுங்கள். அதன் பல் மற்றவற்றின் பல்லுக்கு நேரே வராது, கோடு மறையும். உயரத்தை முன்பு சொன்னபடி மறுபடி பாருங்கள்.

"எண்ணெய், கிரீஸ் எங்கெங்கே, எப்பெப்போ?"

தினமும் வேலை முடிந்ததும் சீவலை பிரஷ்ஷால் தள்ளுங்கள். காற்றுக் குழாயால் ஊதினால் தூள் பேரிங்குக்குள் போகும். வாரம் ஒருமுறை ரோலர் முனைகளில் உள்ள புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், ரோலர் செயினுக்குக் கொஞ்சம் கிரீஸ். மாதம் ஒருமுறை மேஜை ஏறும் ஸ்குரூவையும் தூண்களையும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். அங்கே கெட்டி கிரீஸ் போட்டால் தூள் ஒட்டி மாவாகிவிடும். கியர் பெட்டியில் எண்ணெய் மட்டம் பாருங்கள். பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குள் அமுங்க வேண்டும். இரண்டு மூன்று பெல்ட் ஓடும் மெஷினில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வார்ப்பிரும்பு மேஜை ஒரே இரவில் சிவந்துவிடும். மாலையில் மெழுகு தேய்த்துவிட்டுப் போங்கள். ஈர மரத்தை மேஜைமேல் இரவு விடவே கூடாது.

"சின்ன துண்டு, மெல்லிய ரீப்பர் விடலாமா?"

இரண்டு ரோலருக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, அதோடு இரண்டு அங்குலம் கூட்டுங்கள். அதைவிடக் குட்டையான துண்டு வேண்டாம். நடுவில் யாரும் பிடிக்காமல் கட்டர் அதைச் சுழற்றி எறியும். மெல்லிய ரீப்பரைத் தடித்த பலகையின்மேல் இருபக்க டேப்பால் ஒட்டி விடலாம். வேறு வேறு தடிமன் உள்ள இரண்டு சட்டத்தைப் பக்கம் பக்கமாக விடாதீர்கள். ரோலர் தடித்ததை மட்டுமே பிடிக்கும், மெலிந்தது பின்னால் பாயும். அதைத் தடுக்கத்தான் முன்னால் தொங்கும் தடுப்பு நகங்கள். ஒவ்வொன்றையும் விரலால் தூக்கிவிட்டால் தானாக விழ வேண்டும். பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவை இருந்தும் இல்லாததுபோல். எப்போதும் பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள், கையுறை போடாதீர்கள்.

மூக்கு மூடி போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கின் உட்புறத்தில் வரும் புற்றுநோய் அது. துண்டைக் கட்டிக்கொள்வது மட்டும் போதாது.

"லைன்ல இ.பி. வேலை நடந்துச்சு. அதுக்கப்புறம் பலகையை வெளியே தள்ளுது."

மூன்று ஃபேஸில் இரண்டு மாறிப்போயிருக்கும், மோட்டார் எதிர்த்திசையில் ஓடுகிறது. உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு வயரை மாற்றுங்கள். கரண்ட் போய் வந்த எந்த நாளிலும் மரம் விடுவதற்கு முன் ஒரு நொடி ஓட்டித் திசை பாருங்கள். மோட்டார் சுற்றாமல் உறுமினால் ஒரு ஃபேஸ் வரவில்லை. ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் போடாத பட்டறையில் மோட்டார் எரிவது இப்படித்தான்.

"சின்ன போர்ட்டபிள் மெஷின் வச்சிருக்கேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?"

பாதி பொருந்தும். அதில் பெரும்பாலும் ரோலரையும் பிரஷர் பாரையும் செட் செய்ய வழி இல்லை. பிளேடு இருமுனை கொண்டது, தானாக இடத்தில் உட்காரும். மழுங்கினால் திருப்பிப் போட்டு, அதுவும் மழுங்கினால் மாற்றிவிடலாம். முகம் நன்றாகவே வரும்: மகிடா 2012 என்.பி. மெஷின் இரண்டே பிளேடோடு நிமிடத்துக்கு 8500 சுற்று ஓடுகிறது, மரம் 8.5 மீட்டர் போகிறது. மேலே போட்ட கணக்கைப் போட்டால் வெட்டுக்கு வெட்டு 0.5 மி.மீ. தாங்கும் சக்திதான் குறைவு. கால் நூலுக்கு மேல் எடுக்காதீர்கள், கார்பன் பிரஷ் தேய்மானத்தைப் பாருங்கள், நாள் முழுக்கத் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

"ஸ்பைரல் கட்டர் போட்டா இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துடுமா?"

பிளேடு கட்டும் தொல்லை தீரும். சின்னச் சின்ன கார்பைடு துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு முனை. மழுங்கினால் கால் சுற்றுத் திருப்பினால் போதும். சத்தம் குறையும், பின்னிய நாரில் பிய்வதும் வெகுவாகக் குறையும். ஆணி இடித்தாலும் இரண்டு துண்டு மாற்றினால் போதும். துண்டு உட்காரும் குழியில் தூள் இருக்கக் கூடாது, குறித்த விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். விலை அதிகம். வேங்கை, வேம்பு நிறைய ஓடும் பட்டறைக்கு நான் தயங்காமல் சொல்வேன். மேஜைச் சாய்வு, ரோலர் உயரம், பின்முனைக் குழி இவை எதையும் அது சரிசெய்யாது.

"ஒண்ணைச் சரிபண்ணினா இன்னொண்ணு கெடுது. ரெண்டு நாளா இதே வேலையா இருக்கேன்."

வரிசை தவறியிருக்கும். பிளேடை மறுபடி கட்டினால் வெட்டு வட்டமே மாறுகிறது. அதற்கு முன் செட் செய்த ரோலரும் பிரஷர் பாரும் பொய்யாகிவிடும். ஆகவே முதலில் பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள்: கட்டரைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் துளியும் ஆடக் கூடாது. ஆடினால் அதை மாற்றாமல் மேற்கொண்டு எதையும் அளப்பது வீண். பிறகு கட்டர் உடம்புக்கு மேஜை, அதே உடம்புக்கு பிளேடு, வெட்டு வட்டத்துக்கு பிரஷர் பார், சிப் பிரேக்கர், ரோலர். மேஜை ரோலர் அதற்கடுத்து. ஸ்பிரிங் அழுத்தம் கடைசி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே பலகையை விட்டு, பலகையின்மேலேயே என்ன மாற்றினீர்கள் என்று பென்சிலால் எழுதுங்கள். அளவுகோல் முள்ளைக் கடைசியாகத் தொடுங்கள்: மேஜையைக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தி, ஒரு பலகை ஓட்டி, வெர்னியரில் அளந்து, அந்த எண்ணுக்கு முள்ளை நகர்த்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் ஸ்குரூவில் உள்ள தளர்வு ஓட்டத்தில் இறங்கி அளவு மாறும். அதனால் தினசரி வேலையிலும் தேவையானதற்குக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றியே அளவில் நிறுத்துங்கள்.